கைச் சூடு

மலையேறுவது என்றால் அது கால்களின் காரியம் என்றே நம்மில் பெரும்பாலோர் எண்ணியிருக்கிறோம். பழனிப் படிகளிலும் திருப்பதி மலைப் பாதையிலும் ஏறி இறங்கிய அனுபவம் நமக்கு அந்தப் பாடத்தைத்தான் கற்பித்திருக்கிறது. முழங்கால் வலிக்கும், மூச்சு வாங்கும், "அரோகரா" என்றோ "கோவிந்தா" என்றோ உரக்க ஒரு குரல் கொடுத்தால் அடுத்த படி தானே வந்து சேரும். கைகளுக்கு அங்கே என்ன வேலை? குழந்தையைப் பிடித்துக்கொள்வதும் தேங்காய்ப் பையைத் தூக்கிக்கொள்வதும் தவிர வேறொன்றுமில்லை.

குளிர்காலத்து இமயமலையில் ஏறி இறங்கியவர் எவரையேனும் கேட்டுப் பாருங்கள். அவர் வேறு விதமாகச் சொல்வார். பாதரட்சையின் கயிற்றை இழுத்து முடிவது கை. கூடாரத்தின் வாயைத் திறப்பது கை. அடுப்பைப் பற்றவைத்துப் பனியை உருக்கிக் குடிநீராக்குவது கை. பனிக் கோடரியைப் பிடிப்பதும் கயிற்றில் முடிச்சுப் போடுவதும் கை. அந்தக் கை மரத்துப் போய்விட்டால், எப்பேர்ப்பட்ட வீரனும் சட்டைப் பொத்தான் போடத் தெரியாத சிறு குழந்தைக்குச் சமானமாகிவிடுகிறான். கால் சோர்ந்தால் உட்கார்ந்து இளைப்பாறலாம். கை சோர்ந்துவிட்டாலோ, உட்கார்ந்த இடத்தில் ஒரு தீக்குச்சியைக்கூடக் கிழிக்க முடியாது.

நாங்கள் நால்வர் ஒரு ஜனவரி மாதத்தில் கேதார்காந்தா சிகரத்துக்குப் போய் வந்தபோதுதான் இந்த உண்மை எங்களுக்கு விளங்கிற்று. உத்தரகாசி ஜில்லாவில் இருக்கும் அந்தச் சிகரத்தின் உயரம் சுமார் 12,500 அடி. எவரெஸ்டின் 29,032 அடிக்கு முன்னால் அது வீட்டுத் திண்ணை மாதிரிதான். கயிறு கட்டித் தொங்கவேண்டிய செங்குத்துப் பாறை எதுவும் வழியில் கிடையாது. ஆயினும் ஜனவரியில் முழங்கால் ஆழத்துக்குப் பனி கிடக்கிறது. சிகரத்தில் சூரியோதயம் பார்க்க விரும்புகிறவர்கள் நடு நிசிக்குப் பிறகு இரண்டு மணி சுமாருக்குக் கிளம்பவேண்டும். அந்த வேளையில் குளிர், நீர் உறையும் நிலைக்கும் 10 டிகிரி கீழே போய்விடுகிறது. குளிருக்குச் சிறிய சிகரம், பெரிய சிகரம் என்ற தாரதம்மியம் தெரியாது அல்லவா?

டேராடூனிலிருந்து புரோலா, மோரி வழியாக ஒரு முழுப் பகல் மோட்டாரில் போனால் ஸாங்க்ரி என்னும் கிராமம் வருகிறது. மலையேற்றம் அங்கே ஆரம்பமாகிறது. மர வீடுகள், ஆப்பிள் தோட்டங்கள், கீழே ஸூபின் நதி. அந்தக் கிராமத்து வீதியில் நாங்கள் கண்ட ஒரு காட்சி எங்களை நின்று பார்க்கச் செய்தது. முதியவர் ஒருவர் கையில் தக்ளியைச் சுழலவிட்டு ஆட்டு ரோமத்தை நூலாக நூற்றுக்கொண்டே நடந்து போனார். பேசுவதற்காக நின்றபோதும் தக்ளி நிற்கவில்லை. தக்ளியையும் ராட்டினத்தையும் தேச பக்தியின் சின்னமாக நம் பாட்டனார்கள் கையில் எடுத்தார்கள். அந்த மலை ஜனங்களுக்கோ அது சின்னமல்ல. வருகிற குளிர்காலத்துக்கு வேண்டிய உடுப்பு.

எங்களிடம் பட்டணத்திலே வாங்கிய கையுறைகள் இருந்தன. ஐந்து விரலுக்கும் ஐந்து அறைகள் வைத்து, பார்வைக்கு வெகு நேர்த்தியாகத் தைக்கப்பட்டவை. எங்களுக்கு வழிகாட்ட வந்தவர் அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். 45 வயது மதிக்கத்தக்க அம்மனிதர், "பாயீ ஸாஹப், இது நல்ல சாமான்தான். இதற்கு மேலே போட்டுக்கொள்ள இன்னொன்று வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்லி ஒரு வீட்டுக்கு அழைத்துச் சென்றார். அந்த வீட்டு அம்மாள் பின்னி வைத்திருந்த கம்பளி உறைகளில் விரல்களுக்குத் தனி அறை கிடையாது. கட்டை விரலுக்கு ஒரு பை. மற்ற நான்கு விரல்களுக்கும் சேர்த்து ஒரே பை. 'மிட்டன்' என்று சொல்கிறார்களே, அதுதான்.

"நான்கு பேரை நான்கு அறையில் தனித்தனியே படுக்க வைத்தால் நான்கு பேருக்கும் குளிரும். ஒரே அறையில் படுக்க வைத்தால் ஒருவரால் ஒருவருக்குச் சூடு" என்றார் வழிகாட்டி. சாஸ்திரமும் அதையே சொல்கிறது. தனித்தனி விரலுறையில் குளிர்காற்றுக்கு முகம் கொடுக்கும் பரப்பு அதிகம். ஒரே பையில் அது குறைவு. நமது கூட்டுக் குடும்பத்தைப் பற்றி இதைவிடச் சிறந்த பிரசங்கத்தை நாங்கள் கேட்டதில்லை.

விரல்கள் ஏன் இவ்வளவு எளிதாகக் குளிருக்கு இரையாகின்றன? இதைத் தெரிந்துகொண்டால் மற்றவையெல்லாம் தாமே விளங்கிவிடும். மனித தேகத்தின் உள்ளே எப்போதும் சுமார் 37 டிகிரி சூடு இருந்தாகவேண்டும். இருதயம், ஈரல், மூளை முதலியவை அந்தச் சூட்டில்தான் சரியாக வேலை செய்யும். வெளியே குளிர் மிகுந்து உள்ளே சூடு குறையத் தொடங்கினால், தேகம் சிக்கனத்தில் இறங்குகிறது. பஞ்ச காலத்துக் குடும்பத் தலைவன் என்ன செய்கிறான்? பத்தாயத்திலுள்ள நெல்லை வீட்டில் இருக்கிறவர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கிவிட்டு, வாசலில் வந்து நிற்பவனுக்கு இல்லையென்று கையை விரிக்கிறான். தேகமும் அப்படியே கை கால்களுக்குப் போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. வெப்பத்தைக் கொண்டு போவது ரத்தம். அது வராவிட்டால் விரலுக்கு வேறு கதியில்லை. ஏனெனில் விரலை அசைக்கும் தசைகள் பெரும்பாலும் முன்கையிலும் உள்ளங்கையிலும் இருக்கின்றன; விரலுக்குள் எலும்பும் நரம்பும் தோலுமே அதிகம். உழைத்துச் சூட்டை உண்டாக்கிக்கொள்ளும் சொந்தச் சொத்து விரலுக்குக் கிடையாது. அது முற்றிலும் உடம்பை நம்பிப் பிழைக்கும் ஜீவன்.

தேகம் அவ்வளவு கல்நெஞ்சம் படைத்ததுமல்ல. விரல் மிகவும் குளிர்ந்துபோனால், மூடிய குழாய்களைச் சிறிது நேரம் திறந்து கொஞ்சம் ரத்தம் அனுப்பி, மறுபடி மூடிக்கொள்கிறது. தாமஸ் லூயிஸ் என்ற பிரிட்டிஷ் வைத்தியர் 1930-ல் இதை ஆராய்ந்து எழுதினார். ஆனால் உள்ளேயே சூடு குறைந்துவிட்டால் இந்தத் தர்மமும் நின்றுவிடுகிறது.

ஆகையால் கையைச் சூடாக வைத்துக்கொள்ளும் முதல் உபாயம் கையில் இல்லை, வயிற்றில் இருக்கிறது. நள்ளிரவில் எங்களை எழுப்பிய வழிகாட்டி முதலில் கையுறையைப் பற்றிப் பேசவே இல்லை. நெய் விட்ட கிச்சடியையும் வெல்லம் போட்ட தேநீரையும் முன்னால் வைத்து, "சாப்பிட்டால்தான் கிளம்பலாம்" என்றார். பசியில்லை என்று எவரும் சொல்ல அவர் இடம் வைக்கவில்லை. பிறகு தலையையும் கழுத்தையும் நன்றாக மூடிக்கொள்ளச் சொன்னார். உடம்பின் நடுவே சூடு நிறைந்திருந்தால்தான் அது விரல் நுனி வரையில் தாராளமாகச் செலவழிக்கப்படும்.

இரண்டாவது உபாயம், கையை ஈரமில்லாமல் வைத்துக்கொள்வது. தண்ணீர், காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்திக்கொண்டு போகும். பனி ஒட்டி நனைந்தாலும், ஏற்றத்தில் வியர்த்து நனைந்தாலும் பலன் ஒன்றுதான். எனவே உள்ளே மெல்லிய உறை, அதன்மேல் கம்பளி, அதற்கும் மேலே காற்றும் நீரும் புகாத மேலுறை என்று மூன்றடுக்காக அணியவேண்டும். வியர்க்கும்போது ஒன்றைக் குறைத்து, நிற்கும்போது ஒன்றைக் கூட்டிக்கொள்ளவேண்டும். இறுக்கமான உறை கூடாது. இறுக்கம் ரத்த ஓட்டத்தைத் தடுக்கும். கழற்றிய உறையைப் பனியின்மேல் வைக்கக் கூடாது. சட்டைக்குள் மார்போடு சேர்த்து வைக்கவேண்டும். மாற்று உறை ஒரு ஜோடி எப்போதும் பையில் இருக்கவேண்டும். வெறுங் கையால் இரும்பைத் தொடலாகாது.

மூன்றாவது பகை காற்று. பால் ஸைபிள், சார்ல்ஸ் பாஸல் என்ற இரண்டு அமெரிக்கர்கள் தென் துருவப் பிரதேசத்தில் தண்ணீர் உறைவதை அளந்து பார்த்து, காற்றின் வேகம் குளிரை எவ்வளவு மிகுவிக்கிறது என்று 1945-ல் வெளியிட்டார்கள். பின்னாளில் திருத்தப்பட்ட கணக்கின்படி, பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரிக் குளிரில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்றடித்தால், தோலுக்கு அது பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி போல் தோன்றும். மர நிழலில் கைகட்டி நிற்கிறவனுக்கும் முகட்டில் நிற்கிறவனுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

எங்கள் நால்வரில் ஒருவர் மிருதங்கம் பயின்றவர். கையுறைக்குள்ளே விரல்களை அசைத்துக்கொண்டே இருக்கவேண்டும் என்று வழிகாட்டி சொன்னதும் அவருக்கு வெகு உற்சாகமாகப் போய்விட்டது. இருட்டில், நெற்றி விளக்கின் வெளிச்சத்தில், "தகதிமி தகஜொணு" என்று சொல்லிக்கொண்டே கைத்தடியின் பிடியில் தாளம் போட்டுக்கொண்டு நடந்தார். காடு முடிந்து திறந்த சரிவுக்கு வந்தோம். காற்று எழுந்தது. சிறிது தூரம் சென்றதும் முன்னால் போய்க்கொண்டிருந்த வழிகாட்டி சட்டென்று நின்று திரும்பினார்.

"பாயீ ஸாஹப், தாளம் ஏன் நின்றுவிட்டது?"

"ஒன்றுமில்லை, பாயீ. இதுவரையில் விரல் வலித்துக்கொண்டே இருந்தது. இப்போது வலியே இல்லை. சௌக்கியமாக இருக்கிறது" என்றார் நண்பர்.

"வலி போய்விட்டதா? அப்படியானால் நில்லுங்கள்" என்று சொல்லி வழிகாட்டி அவருடைய உறைகளைக் கழற்றினார். வலது கையில் மூன்று விரல்களின் நுனி மெழுகுபோல் வெளுத்திருந்தது. தொட்டால் தெரியவில்லை. வழிகாட்டி ஒரு வார்த்தையும் பேசாமல் தம்முடைய கோட்டையும் சட்டையையும் தளர்த்தி, நண்பரின் இரு கைகளையும் எடுத்துத் தம்முடைய அக்குள்களில் வைத்து அழுத்திக்கொண்டார். பூஜ்யத்துக்குக் கீழே இருந்த குளிரில், முன்பின் அறியாத ஒருவருடைய பனிக்கட்டி போன்ற கைகளைத் தம் வெறும் மேனியில் வைத்துக்கொண்டு அவர் அப்படியே நின்றார். பத்து நிமிஷம் இருக்கலாம். கால் மணி நேரமும் இருக்கலாம். மற்ற மூவரும் காற்றுக்கு முதுகைக் கொடுத்து அவர்களைச் சுற்றி நின்றோம்.

ரத்தம் திரும்பி வரும்போது உண்டாகும் வேதனை லேசானதல்ல. நண்பர் வாய்விட்டு அழுதுவிட்டார். "அழுங்கள், அழுங்கள். விரல் பிழைத்துவிட்டது" என்று வழிகாட்டி சிரித்தார். விரல்கள் சிவந்தன. பனி தோலின் மேற்பரப்போடு நின்றிருந்தபடியால் தப்பினார். சற்றுத் தாமதித்திருந்தால் அது சதைக்குள் இறங்கிப் பனிக்கடியாக மாறியிருக்கும். மிருதங்கத்துக்கு ஒரு நமஸ்காரம் போட்டுவிட வேண்டியதுதான்.

அப்போதுதான் எங்கள் விளக்கு வெளிச்சம் வழிகாட்டியின் கைகளில் விழுந்தது. அவர் போட்டிருந்தவை பழைய நூல் கையுறைகள். இரண்டு விரல் நுனிகள் பிய்ந்திருந்தன.

பனிக்கடியைப் பற்றி எத்தனையோ தப்பெண்ணங்கள் உலாவுகின்றன. விறைத்த விரலைப் பனியால் தேய்க்கவேண்டும் என்பது ஒன்று. 1812-ல் நெப்போலியனின் சேனை ருஷ்யாவிலிருந்து பின்வாங்கியபோது, அதன் வைத்தியரான லாரே என்பவர், விறைத்த அவயவங்களை நெருப்பில் காட்டிக் கெடுத்துக்கொண்ட சிப்பாய்களைக் கண்டு, பனியால் தேய்ப்பதே மேல் என்று சிபாரிசு செய்தார். அவர் காலத்துக்கு அது பொருந்தியிருக்கலாம். ஆனால் அந்த வழக்கம் நூறு வருஷத்துக்கு மேல் நிலைத்து, எத்தனையோ விரல்களை நாசம் செய்தது. இன்று வைத்தியர்கள் சொல்வது வேறு. தேய்க்கவே கூடாது, நெருப்பில் காட்டவும் கூடாது, ஏனெனில் மரத்த விரலுக்குச் சுடுவது தெரியாது. 37 முதல் 39 டிகிரி வரையில் சூடுள்ள வெந்நீரில் வைத்து உருகச் செய்யவேண்டும். மறுபடியும் உறைந்துபோகும் என்ற பயம் இருந்தால், பத்திரமான இடம் சேரும் வரையில் உருக்காமல் வைத்திருப்பதே நலம். சுருங்கிய ரத்தக் குழாய்களை விரிக்கும் ஐலோப்ராஸ்ட் என்னும் மருந்தைக் கடுமையான பனிக்கடிக்குக் கொடுக்க அமெரிக்க அரசாங்கம் 2024-ல் அனுமதி அளித்திருக்கிறது. மது அருந்தினால் உடம்பு சூடேறும் என்பது இன்னொரு தப்பெண்ணம். அது தோலில் ரத்தத்தைப் பாய்ச்சி உள்ளே இருக்கும் சூட்டை வெளியே வாரி இறைக்கிறது. புகையிலையோ ரத்தக் குழாய்களை மேலும் சுருக்குகிறது.

கையுறை என்ற சிறு துணியின் மதிப்பு என்னவென்று அறிய வேண்டுமானால் மோரீஸ் எர்ஸாக் என்ற பிரெஞ்சுக்காரரின் கதையைக் கேட்கவேண்டும். 1950-ம் வருஷம் ஜூன் 3-ம் தேதி அவரும் லூயி லாஷனாலும் 8,091 மீட்டர் உயரமுள்ள அன்னபூர்ணா சிகரத்தை அடைந்தார்கள். எட்டாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட சிகரம் ஒன்றில் மனிதன் நின்றது அதுவே முதல் தடவை. இறங்கும் வழியில் பையைத் திறப்பதற்காக எர்ஸாக் கையுறைகளைக் கழற்றி வைத்தார். அவை அவர் கண்ணெதிரிலேயே சரிவில் உருண்டு போய்விட்டன. பையில் மாற்றுக் காலுறைகள் இருந்தன. அவற்றைக் கைகளில் மாட்டிக்கொள்ளலாம் என்ற எண்ணம் அவருக்குத் தோன்றவே இல்லை. உயரமும் களைப்பும் மூளையையும் மரத்துப் போகச் செய்துவிடுகின்றன. கை விரல்களையும் கால் விரல்களையும் அந்த வெற்றிக்கு விலையாகக் கொடுத்துவிட்டு அவர் ஊர் திரும்பினார். இப்போது மலையேறுவோர் குழந்தைகளின் உறைபோல் கையுறையைக் கயிறு கட்டி மணிக்கட்டில் மாட்டிக்கொள்கிறார்கள் என்றால், அதில் பரிகசிப்பதற்கு ஒன்றுமில்லை.

இதற்கு நேர்மாறான ஒரு சித்திரமும் உண்டு. 1953-ம் வருஷம் மே 29-ந் தேதி எவரெஸ்டின் உச்சியில் டென்ஸிங் நார்கே நின்றபோது அவர் உடம்பின்மேல் இருந்தவை என்னென்ன? காலுறை அவருடைய மனைவி ஆங் லாமு பின்னியது. கழுத்துச் சவுக்கம், முந்திய வருஷம் அவருடன் ஏறிய ஸ்விட்ஸர்லாந்துத் தோழர் ரேமான் லாம்பேர் கொடுத்தது. அந்த லாம்பேர், 1938-ல் ஆல்ப்ஸ் மலையின் குளிர்காலப் புயலில் சிக்கித் தம் கால்விரல்களைப் பறிகொடுத்தவர். டென்ஸிங் தம்முடைய சொந்த பலத்தினால்தான் ஏறினார், சந்தேகமில்லை. ஆனால் அவரைச் சூடாக வைத்திருந்தது பலருடைய அன்பு.

கேதார்காந்தா உச்சியில் நாங்கள் நின்றபோது கிழக்கே ஸ்வர்க்காரோஹிணிச் சிகரங்கள் பொன்னாக மாறிக்கொண்டிருந்தன. பாண்டவர்கள் சுவர்க்கத்துக்கு ஏறிச் சென்ற மலை என்று அதைக் காட்டுகிறார்கள். திரௌபதியும் தம்பிமார்களும் ஒருவர்பின் ஒருவராக விழுந்தபோது தர்மபுத்திரர் திரும்பிப் பார்க்காமல் நடந்தார் என்பது பாரதக் கதை. சுவர்க்கம் போகிறவர்களுக்கு அது சரியாக இருக்கலாம். வீட்டுக்குத் திரும்பி வர விரும்புகிறவர்களுக்கு மலை விதிப்பது வேறு தர்மம்: அடிக்கடி திரும்பிப் பார், பின்னால் வருகிறவன் கையைப் பார். 2021-ம் வருஷம் ஜனவரி 16-ந் தேதி, அதுவரை குளிர்காலத்தில் எவராலும் ஏற முடியாமலிருந்த கே-2 சிகரத்தை நேபாளத்தார் பதின்மர் அடைந்தார்கள். முன்னால் போனவர்கள் உச்சிக்குச் சற்றுக் கீழே நின்று மற்றவர்களுக்காகக் காத்திருந்து, எல்லோரும் சேர்ந்தே கடைசி அடிகளை நடந்தார்கள். முதல்வன் யார் என்ற கேள்விக்கே அவர்கள் இடம் வைக்கவில்லை.

தேசமும் ஒரு தேகந்தான் என்று பெரியோர் சொல்வதுண்டு. அப்படியானால் அதன் விரல் நுனிகள் யார்? சியாசென் பனியாற்றில் நிற்கும் சிப்பாய்கள் அவர்கள். 1984 முதல் நமது சேனை அங்கே காவல் இருந்து வருகிறது. 2016-ம் வருஷம் பிப்ரவரி 3-ந் தேதி சுமார் 19,600 அடி உயரத்தில் பனிச்சரிவில் புதைந்து உயிர் நீத்த வீரர் பதின்மரில், பனியே பெய்யாத நம் தமிழ் நாட்டுக் கிராமங்களிலிருந்து போனவர்களும் இருந்தார்கள். யாத்திரிகர்களின் மூட்டையைச் சுமக்கும் மலைக் கூலிகளும், கோவேறு கழுதை ஓட்டுகிறவர்களும், பிய்ந்த உறையோடு வழிகாட்டுகிறவர்களும் விரல் நுனிகளே. நெருக்கடி வந்தால் தேகம் விரல்களைக் கைவிடுகிறது. அதற்கு அறிவில்லை, வேறு வழியும் இல்லை. நமக்கு இரண்டும் உண்டு.

இப்போதெல்லாம் நம்மவர்களில் அநேகர், குடும்பத்தோடுகூட, குளிர்கால மலைகளுக்குப் போகத் தொடங்கியிருக்கிறார்கள். மிகவும் நல்லது. இளைஞர்கள் போகட்டும், பெண்கள் போகட்டும், இமயம் நம் எல்லோருக்கும் உரியது. போகும்போது தங்களுக்கு இரண்டு ஜோடி உறைகளும், சுமை தூக்க வருகிறவருக்கு ஒரு ஜோடியும் எடுத்துக்கொண்டு போகட்டும். அல்லது அந்த மலைக் கிராமத்திலேயே, நூற்றுப் பின்னுகிற கைகளிடமிருந்து விலை பேசாமல் வாங்கி, அங்கேயே கொடுத்துவிடட்டும். கிளம்புமுன் அவர் சாப்பிட்டாரா என்று கேட்கட்டும். ஆபத்தில் உதவுவதற்குக் 'கைகொடுத்தல்' என்று பெயர் வைத்த பாஷை நம்முடையது. கொடுப்பதற்குக் கை வேண்டும். அந்தக் கை சூடாகவும் இருக்கவேண்டும்.